பேசில்லஸ் வித்தாகும் வழி

மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியா, இரை தீர்ந்தால் தனக்குள்ளேயே ஓர் அகவித்தை உண்டாக்கிக்கொள்கிறது. யானைமலையைச் சுற்றியுள்ள கண்மாய்கள் கோடையில் வற்றி வெடிப்பு விட்ட பிறகும் கரம்பையில் உயிர் தங்குவது இதனால்தான். அந்தக் கரம்பையில் ஒரு கிராமைக் கிருமிநீக்கிய நீரில் கரைத்து, 80 பாகை செல்சியஸில் 10 நிமிடம் வைத்தால் சாதாரணச் செல்கள் மடிந்துவிடும். பின்பு அகர் தட்டில் ஊற்றினால், மறுநாள் சுருக்கம் விழுந்த வெண்ணிறக் கூட்டங்கள் தென்படும். வித்தாக இருந்து பிழைத்தவை அவை. மாலகைட் பச்சையும் சாஃப்ரனினும் கொண்டு சாயமேற்றினால், இளஞ்சிவப்புச் செல்லுக்குள் வித்து மட்டும் பச்சை மணியாகத் தெரியும். இவ்வித்துகள் வெப்பம் தாங்குவதை ஃபெர்டினாண்ட் கோன் 1876இலேயே விவரித்துவிட்டார்.

வித்தாவது பாக்டீரியாவின் கடைசி முயற்சி. வேலை முடிய ஏறத்தாழ 7, 8 மணி நேரம் ஆகும். இடையில் மழை பெய்து இரை கிடைத்தாலும், ஒரு கட்டத்துக்குப் பின் திரும்ப வழியில்லை. ஆகவே முடிவெடுப்பதைத் தள்ளிப்போடவே ஏற்பாடுகள் மிகுதி. பசியை உணரும் கைனேஸ் புரதங்கள் ஒரு பாஸ்பேட்டை ஸ்போ0எஃப் புரதத்திடம் கொடுக்கின்றன. அந்தப் பாஸ்பேட் ஸ்போ0பி வழியாக ஸ்போ0ஏ என்னும் தலைமைப் புரதத்தை அடைகிறது. வழியில் அதைப் பறித்துவிடும் புரதங்களும் உண்டு. ஸ்போ0ஏ சிறிதளவே தூண்டப்பட்டிருக்கும்போது, செல் நஞ்சு சுரந்து பக்கத்துச் செல்களைக் கொன்று தின்று நாளைக் கடத்துகிறது. 2003இல் வெளிவந்த இக்கண்டுபிடிப்பு, ஒற்றுமைக்கு உவமையாகப் பாக்டீரியாக் கூட்டத்தைக் காட்டுவோரைச் சற்று யோசிக்க வைக்கும்.

ஸ்போ0ஏ நிறைந்துவிட்டால் செல்லின் ஓர் ஓரத்தில் தடுப்புச் சுவர் எழும்புகிறது. சிறிய அறை முன்வித்து, பெரியது தாய்ச்செல். சுவர் எழும்போது முன்வித்துக்குள் இருப்பது அதன் குரோமோசோமில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. மீதியை ஸ்போIIIஈ என்னும் புரதம் உள்ளே இழுத்துப் போடுகிறது. இரண்டு அறைக்கும் மரபணுத் தொகுதி ஒன்றுதான். எந்த மரபணு எங்கே படிக்கப்பட வேண்டும் என்பதைச் சிக்மா காரணிகள் தீர்மானிக்கின்றன. முதலில் முன்வித்தில் சிக்மா எஃப் விழிக்கிறது. அதன் செய்தி சுவரைத் தாண்டித் தாய்ச்செல்லில் சிக்மா ஈ-யை எழுப்புகிறது. அடுத்து முன்வித்தில் சிக்மா ஜி, பிறகு தாய்ச்செல்லில் சிக்மா கே. ஒருவர் குரல் கொடுத்தால்தான் மற்றவர் அடுத்த படிக்குப் போவார்.

இவற்றில் விந்தையானது சிக்மா கே. இதன் மரபணு பேசில்லஸ் சப்டிலிஸின் சில வகைகளில் இரண்டாக முறிந்து, நடுவே ஏறத்தாழ 48,000 இணைகள் கொண்ட அந்நியத் துண்டு செருகிக் கிடக்கிறது. தாய்ச்செல் அதை வெட்டியெறிந்து மரபணுவை ஒட்டுகிறது. தாய்ச்செல் எப்படியும் வெடித்துச் சாகப்போவதால் இழப்பில்லை. சந்ததியாகும் முன்வித்தில் துண்டு அப்படியே இருக்கும்.

தாய்ச்செல் முன்வித்தை விழுங்கி, புறணியும் புரத உறையும் போர்த்துகிறது. உள்ளே நீர் வற்றி, கால்சியமும் டைபிகோலினிக் அமிலமும் நிறைகின்றன. சிறு புரதங்கள் டி.என்.ஏ.வைக் கட்டிக் காக்கின்றன.

பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸில் இதே சிக்மா ஈ, சிக்மா கே காரணிகள்தான் தாய்ச்செல்லில் புழுக்கொல்லிப் புரதப் படிகத்தைச் செய்விக்கின்றன. உரக்கடையில் 'பி.டி.' என்று கேட்டு வாங்குவது இந்த வித்தும் படிகமும் சேர்ந்த தூள். வித்தாகாத சூடோமோனாஸ் பொட்டலத்தை நிழலில் வைத்து விரைவில் தீர்க்கச் சொல்வதும், பேசில்லஸ் பொட்டலம் அதைவிட நாள் தாங்குவதும் வித்தின் இந்த உறுதியால்தான். ஈரமும், அலனின் போன்ற அமினோ அமிலமும் கிடைத்தால் வித்து சில நிமிடங்களில் நீரை ஏற்று முளைவிட்டு, பின்னர் உறை உடைந்து மீண்டும் பிரியத் தொடங்குகிறது.