வீரத்தை அளக்கும் கோல் எது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவிலே பேச வேண்டுமென்று செயலாளர் அவர்கள் எம்மைப் பணித்தபோது, இலக்கியத் தலைப்பு ஒன்றே தருவார் என அஞ்சியிருந்தோம். "பரிசளிப்பும் அன்றுதான், விளையாட்டைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இரயில்வேக் கோப்புகளோடு காலந்தள்ளும் எமக்கு இஃது ஆறுதலாய் இருந்தது, இசைந்தோம்.

நம் காலனியிலே ஒரு வழக்கு நெடுநாளாய்த் தீராமல் கிடக்கிறது. தேநீர்க் கடையிலும் அலுவலக வராந்தாவிலும் அதே பேச்சு. பெரியவர் பி. டி. உஷாவா, வித்யா ராம்ராஜா என்பதே அவ்வழக்கு. "உஷாவுக்கு நிகர் உஷாவே" என்பது ஒரு கட்சி. "நம் கோவைப் பெண் ஈடு கட்டிவிட்டாளே" என்பது மறு கட்சி. பாலக்காட்டில் வாழும் தமிழராகிய நம்மிடையே இவ்வழக்கில் மொழிப்பற்றும் சிறிது கலந்துவிட்டது. அதனாலேயே குரல்கள் சற்று உயர்கின்றன.

முதலில் செய்தியை நோக்குவோம். 1984-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில், 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தின் இறுதிச் சுற்றை உஷா 55.42 வினாடியில் ஓடி நான்காவதாக வந்தார். வெண்கலம் பெற்ற ருமேனிய வீராங்கனையின் நேரம் 55.41. நூற்றில் ஒரு பங்கு வினாடி! அவ்வேகத்தில் ஓடுவோர்க்கு அஃது ஏறக்குறைய ஏழு செண்டிமீட்டர். நம் கணக்கில் நான்கு விரற்கடை. 39 ஆண்டுகள் கழிந்தன. 2023 அக்டோபர் 2-ஆம் நாள், சீனத்தின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டின் முதற் சுற்றில் வித்யா ஓடிய நேரமும் அதே 55.42. அதற்கு முந்திய மாதம் சண்டிகரில் அவர் ஓடியது 55.43. அங்கும் அந்த நான்கு விரற்கடையே குறுக்கே நின்றது. மறுநாள் இறுதிச் சுற்றில் 55.68 வினாடியில் ஓடி வெண்கலம் பெற்றார்.

கடிகாரம் இருவரும் சமம் என்று தீர்ப்புக் கூறிவிட்டது. ஆயினும் கடிகாரம் வினாடியை அறியுமேயன்றி, அந்தந்த நாளின் வசதியையும் வறுமையையும் அறியாது. வாளையாற்றுக் காட்டைக் கடந்து கோவை செல்லும் நம் பாதையையே எடுத்துக்கொள்ளுங்கள். நிலக்கரி அள்ளிப்போட்டு நீராவி எஞ்சினை ஓட்டிய டிரைவரையும், இன்று மின்சார எஞ்சினை ஓட்டும் டிரைவரையும் நேர அட்டவணை ஒன்றை மட்டும் வைத்து ஒப்பிட்டு எவரேனும் மதிப்பெண் போடுவாரா? பாதை எத்தகையது, எஞ்சின் எத்தகையது, முன்னே எத்தனை வண்டிகள் நின்றன என்றெல்லாம் கேட்ட பின்னரே இரயில்வேக்காரன் தீர்ப்புச் சொல்வான். இங்கும் அவ்வாறே மூன்று கேள்விகள் கேட்போம்.

முதற்கேள்வி, ஓடியவர்க்குக் கிடைத்தது என்ன என்பது. உஷா தம் ஆசான் நம்பியாரின் கீழே பய்யோளிக் கடற்கரை மணலில் ஓடிப் பழகியவர். ஒலிம்பிக் ஊரிலே தமக்குக் கிடைத்தது கஞ்சியும் ஊறுகாயுமே என்று பிற்காலத்தில் அவரே கூறியிருக்கிறார். இறுதிச் சுற்றில், வேறொருத்தி முந்திப் புறப்பட்டதால், நன்றாய்ப் பாய்ந்தெழுந்த உஷாவும் திரும்பி வந்து மறுமுறை புறப்பட நேர்ந்தது. வித்யாவின் காலத்திலோ செயற்கை ஓடுபாதையும், புதுவகைக் காலணியும், உணவு வகுத்துத் தருவோரும் உண்டு. இது வித்யாவின் குற்றமன்று. நாடு சற்றுத் திருந்தியதன் அடையாளம்.

இரண்டாம் கேள்வி, உடன் ஓடியோர் யாவர் என்பது. 1984-இல் தங்கம் வென்ற மொராக்கோ வீராங்கனையின் நேரம் 54.61. உலகின் முதல்வருக்கும் உஷாவுக்கும் இடையே ஒரு வினாடிகூட இல்லை. 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் சிட்னி மெக்லாக்லின் 50.37 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். அதே 55.42 இன்று முதல்வருக்கு ஐந்து வினாடி பின்தங்கிய நேரம். இவ்வகையில் உஷாவின் கை ஓங்கியது. ஆனால் நடுநிலை தவறலாகாது. 1984-இல் சோவியத் நாடும் கிழக்கு ஜெர்மனியும் போட்டியைப் புறக்கணித்தன. வலிய ஓட்டக்காரிகள் சிலர் அங்கே வரவில்லை என்பதையும் ஏட்டில் எழுதத்தான் வேண்டும்.

மூன்றாம் கேள்வியே எமக்கு முதன்மையாய்த் தோன்றுகிறது. ஓடியவர் எல்லைக் கல்லை எங்கே கண்டார், எங்கே கொண்டு நட்டார்? இதற்கு விடை சொல்ல, கட்சிக்காரர் இருவரும் மறந்துவிட்ட ஒருவரை அழைக்க வேண்டும். அவர் எம். டி. வல்சம்மா. நம் பாலக்காட்டு மெர்ஸி கல்லூரியில் பயின்றவர்; தெற்கு இரயில்வேயில் பணியேற்றவர். 1982 டில்லி ஆசிய விளையாட்டில் இதே ஓட்டத்தை 58.47 வினாடியில் ஓடித் தங்கம் வென்றவர். அவர் நட்ட கல்லை ஈராண்டுக்குள் உஷா மூன்று வினாடிக்கு மேல் முன்னே நகர்த்தினார். அதன்பின் 39 ஆண்டுகள் அக்கல் அசையவில்லை. அஃது உஷாவுக்குப் பெருமை. இத்தனை கோடி மக்களைக் கொண்ட நாட்டுக்குப் பெருமையன்று. "இதை எவராலும் தொட இயலாது" என்னும் அச்சம் தலைமுறைகள்தோறும் தடித்துச் சுவராய் நின்றது. அச்சுவரைத் தொட்டுக் காட்டியவர் வித்யா.

ஆகவே எம் தீர்ப்பு இது: உலகத்தின் முன் நின்ற நிலையில் உஷா பெரியவர், ஐயமில்லை. அதனால் வித்யாவின் 55.42 ஓர் அணுவளவும் சிறுத்துவிடாது. வல்சம்மா இன்றி இக்கணக்கு தொடங்கவும் செய்யாது. இடுக்கி மலைத்தோட்டங்களிலிருந்து இங்கே குடிவந்த அன்பர்களும் ஒன்றைக் கேட்டு மகிழ வேண்டும். 1984-இல் அதே லாஸ் ஏஞ்சலீஸில் நானூறு மீட்டர் தொடர் ஓட்டத்தின் இறுதிச் சுற்றில் ஓடிய நால்வர், வல்சம்மா, வந்தனா ராவ், இடுக்கி மாவட்டத்துத் தொடுபுழையின் ஷைனி, உஷா ஆகியோரே. தம் நேரத்தை முறியடித்தவரோடு ஒரே அணியில் நின்று ஓடினார் வல்சம்மா. அவர்கள் கோலைக் கைமாற்றினார்கள். நாமோ அக்கோலைக் கொண்டு ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறோம்!

பெரியோர்களே! வீண் வாதமென்றால் இதைச் சொல்லியிருக்க மாட்டோம். சென்ற ஆண்டு நம் சங்கப் பந்தயத்தில் நான்காவதாய் வந்த சிறுமி ஒருத்தி இவ்வாண்டு பெயர் கொடுக்கவில்லை. காரணம் கேட்டோம். "நீ என்ன உஷாவா ஆகப்போகிறாய் என்று வீட்டிலே கேட்கிறார்கள், மாமா" என்றாள். முன்னோரின் பெருமை பின்னோரின் காலுக்கு விலங்காகலாமா? உஷாவே ஒலிம்பிக்கில் நான்காவதாய் வந்தவர்தாமே! நான்காம் இடத்தை நாற்பதாண்டு போற்றும் நாம், நம் வீட்டு நான்காம் இடத்தை ஏளனம் செய்வது எவ்வகை நியாயம்?

எனவே நிர்வாகக் குழுவின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். முதல் மூன்று இடங்களுக்குத் தரும் பரிசு நிற்க, வருகின்ற ஆண்டு முதல் இன்னொரு பரிசும் வையுங்கள். தன் சென்ற ஆண்டு நேரத்தை மிகுதியாய்க் குறைத்த பிள்ளைக்கு அது செல்லட்டும். அப்பிள்ளை கடைசியாய் வந்தாலும் சரியே. ஒவ்வொரு பிள்ளையின் நேரத்தையும் எழுதிக் காக்கும் பதிவேட்டுக்கு யாம் பொறுப்பு. பதிவேடு எழுதுவதே எம் பிழைப்பு. முதற் பரிசுக் கோப்பையின் செலவும் எம்முடையதே. பெண் குழந்தைகளைப் பெற்றோரிடம் ஒன்று மட்டும் கேட்கிறோம்: ஓடப் பெயர் கொடுக்கும் பிள்ளையைத் தடுக்காதீர்கள்.