தேசவழமை யாருடைய வழமை?

(எட்மண்டனில் நடந்த வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'டிகொலோனியல்' எண்ட சொல் இப்ப எல்லா இடமும் கேட்குது. பெரு நாட்டுச் சமூகவியலாளர் அனிபால் கிஹானோ சொன்னதின் சாரம் இதுதான்: ஆண்டவர்கள் கப்பலேறிப் போனாலும் அவர்கள் உருவாக்கிய அதிகார ஒழுங்கு போவதில்லை. ஆர் மேல, ஆர் கீழ எண்ட வரிசை சட்டத்திலும் மனதிலும் தங்கிவிடும். இதை அவர் 'அதிகாரத்தின் காலனியத்தன்மை' என்றார்.

இதை எங்கட வீட்டுக்குள்ள வைச்சுப் பார்ப்பம். தேசவழமையை யாழ்ப்பாணத் தமிழரின் பாரம்பரியச் சட்டம் எண்டு சொல்லுவினம். அதை எழுத்தில் தொகுத்தது 1707இல் ஒல்லாந்த ஆட்சி. சரிபார்த்து ஒப்புக்கொண்டது 12 முதலியார்கள். நளவர், பள்ளர் உள்ளிட்ட சாதிகளை அது அடிமைகள் எண்டு பதிந்தது. அந்த மக்களை ஆரும் கேட்கேல்லை. 1806இல் பிரித்தானியர் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்தான்.

அதோட முடியேல்லை. 1911இல் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், முதுசக் கட்டளைச் சட்டம் வந்தது. அதன்படி, கல்யாணம் கட்டின பெண் தன்ர சொந்தக் காணியை விக்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேணும். 1948இல் சுதந்திரம் வந்த பிறகும் இந்த விதி தொடர்ந்தது. போரில் கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண் என்ன செய்வாள்? சீதனமாக வந்த தன்ர காணிக்கே கோர்ட்டுக்குப் போய்ச் சம்மதம் கேட்கவேணும்.

இதில இருந்து நாங்கள் எடுக்கவேண்டியது ஒன்று. 'வெள்ளைக்காரன் வரமுதல் எல்லாம் நல்லாயிருந்தது' என்பது காலனிய நீக்கம் இல்லை. காலனிய அதிகாரமும் எங்கட சாதி, ஆண் அதிகாரமும் சேர்ந்துதான் இந்த 'மரபை' எழுதின. ஒன்றை மட்டும் எதிர்த்து மற்றதைக் காப்பாற்ற ஏலாது.

அப்ப லண்டனில இருந்து என்ன செய்யலாம்? 'எங்கட பண்பாடு' எண்டு ஆரும் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கோ: எப்ப எழுதினது? ஆர் எழுதினது? ஆரைக் கேட்கேல்லை? வீட்டிலையும் காணி உறுதியை எடுத்துப் பாருங்கோ, ஆற்றை பேர், ஆற்றை கையெழுத்து எண்டு. ஊர்க் காணியைப் பற்றி இங்கயிருந்து முடிவெடுக்கிற குடும்பங்கள் கனக்க. அந்த முடிவில் பெண்களின் குரல் இருக்கட்டும். இந்த விதியை மாற்றக் கேட்கிற வடக்குப் பெண்களோட நில்லுங்கோ. அவையளுக்குப் பதிலாகக் கதைக்காதேங்கோ.