பரண்மேல் இருப்பதற்கும் நாமே பொறுப்பு
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இன்னைக்குக் கடன், வட்டி பற்றிப் பேசப் போவதில்லை. நம்ம வீட்டுப் பரண்மேல் என்ன இருக்கிறது என்று கேட்கப் போகிறேன்.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மக்காச்சோளம் கதிர் பிடித்தால் காட்டுப்பன்னி இறங்கிவிடும். அதற்கென்று சிலர் நாட்டு வெடி வாங்கி வருகிறார்கள். சில ஊர்களில் துப்பாக்கியும் உண்டு. "ஆம்பளைக சமாச்சாரம், நமக்கெதுக்கு"ன்னு இருந்துவிடுகிறோம். ஆனால் அந்த வீட்டில்தானே நம்ம பிள்ளை விளையாடுது?

2020 ஜூன் மாதம், திருச்சி மாவட்டம் அலகரை கிராமத்தில் மீன் பிடிக்க வாங்கி வைத்த வெடியைத் தின்பண்டம் என்று நினைத்து ஆறு வயதுப் பையன் கடித்தான். உயிர் போய்விட்டது. பயந்துபோய் போலீசுக்குச் சொல்லாமலே காரியத்தை முடித்தார்கள். விஷயம் வெளியே வந்து பெரியவர்கள் கைதானார்கள். 2024 ஜூலை 31 அன்று பீகார் சுபாலில் ஐந்து வயதுக் குழந்தை பள்ளிக்கூடப் பையில் துப்பாக்கி கொண்டுபோய், பத்து வயது மாணவனைச் சுட்டது. நல்லவேளை, அவன் பிழைத்தான். போலீஸ் தேடியது குழந்தையின் அப்பாவை.

சட்டம் சொல்வதைக் கேளுங்கள். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளை செய்வது குற்றமே ஆகாது. அப்படியானால் கேள்வி யாரிடம் வரும்? பெரியவர்களிடம்தான். பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவுப்படி, அலட்சியத்தால் உயிர் போனால் ஐந்து ஆண்டு வரை சிறை. உரிமம் இல்லாத துப்பாக்கி, வெடிக்குத் தனி வழக்கு. சிறார் நீதிச் சட்டம் 75-ஆம் பிரிவு, பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் வேண்டுமென்றே அலட்சியமாக விட்டால் தண்டனை என்கிறது. அதில் அப்பா, அம்மா என்ற பேதம் இல்லை. "எனக்குத் தெரியாது" என்று நாம் சொன்னால், வீட்டைக் கூட்டிப் பெருக்குகிறவளுக்குத் தெரியாதா என்றுதான் கேட்பார்கள்.

உரிமத் துப்பாக்கி இருந்தால் தோட்டாவை வேறு இடத்தில் வைத்து, இரண்டையும் பூட்டி, சாவியைப் பெரியவர் இடுப்பில் வைக்கச் சொல்லுங்கள். வெடி இருந்தால் யாரும் தொட வேண்டாம், கிணற்றில் போடவும் வேண்டாம். பிள்ளைகளை விலக்கிவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். பன்னித் தொல்லைக்கு வனத்துறையிடம் மனுக் கொடுப்போம். குழுவாகப் போனால் மனுவுக்கு மதிப்பு உண்டு.

அடுத்த வாரக் கூட்டத்தில் சேமிப்பு எழுதி முடித்ததும் இதையும் தீர்மானமாக எழுதுங்கள். புருஷனிடம் தனியாகக் கேட்கப் பயமாக இருக்கிறவள், "குழுவில கேக்கச் சொன்னாக"ன்னு சொல்லட்டும். ஒரு கதிர் போனால் அடுத்த வெள்ளாமையில் எடுக்கலாம். பிள்ளை போனால்?