நாற்பத்து நாலு கிலோ எங்கே போச்சு?

(பாகூரில் நடந்த கூட்டத்தில் பேசியது)



கவிதை வாசிப்பான் என்று வந்தவங்க மன்னிக்கணும். இன்னைக்குக் கணக்குதான். நான் வங்கியில் குமாஸ்தா. சாயங்காலம் கல்லாவில் பத்து ரூபாய் குறைஞ்சாலும் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. தேடணும், கிடைக்கலேன்னா கைக்காசைப் போட்டுக் கட்டணும். அந்தப் புத்தியோடதான் சிமெண்டைப் பார்க்கிறேன்.

என் அம்மா சித்தாள். வில்லியனூர்ப் பக்கம் எழும்பிய எத்தனையோ மாடி வீடுகளுக்குக் கலவைச் சட்டி சுமந்தவர். சிமெண்ட் அவருடைய விரலிடுக்கைத் தின்றுவிட்டது. அந்த சிமெண்டுக்கு மூலம் சுண்ணாம்புக்கல். அதற்குப் பேர்போன மண் அரியலூர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. நம்ம வில்லியனூர் கொம்யூனிலேயே கரசூர்ப் பக்கம் மண்ணுக்கடியில் பழைய கடலின் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. அதனால் இது எங்கேயோ நடக்கிற கதை இல்லை.

இப்போ கணக்கு. 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைக் காளவாயில் போட்டுச் சுட்டால் மிஞ்சுவது 56 கிலோ சுண்ணாம்பு. மீதி 44 கிலோ? கரியமில வாயுவாகக் காற்றில் போய்விடுகிறது. இது கல்லுக்குள்ளேயே இருந்த வாயு. எரித்த நிலக்கரியின் புகை தனி. சூரிய மின்சாரத்தில் ஆலை ஓடினாலும் இந்த 44 கிலோ வெளியே வந்தே தீரும். கலவையைப் பொறுத்துக் கூடும் குறையும் என்றாலும், 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு ஏறத்தாழ 30 கிலோ வாயு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூட்டையை நாம சுமக்கிறோம். அந்த வாயுவை யார் தலையில் எழுதுவது?

2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகி பாகூர்க் கிராமங்களுக்குள் புகுந்தது. ஒரு புயலை ஒரு ஆலையின் பேரில் பற்று எழுத முடியாது, ஒத்துக்கிறேன். ஆனால் பூமி சூடாகச் சூடாக மழை இப்படி மொத்தமாகக் கொட்டுவது கூடும் என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். கொட்டினால் தண்ணீர் முதலில் நிற்பது எந்தத் தெருவில்? பள்ளத்தில். பள்ளத்தில் நம்மைக் குடிவைத்தது யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். பங்குச் சந்தையில் உள்ள முதல் 1000 கம்பெனிகள் 2022-23 முதல் ஆண்டுதோறும் இந்தக் கணக்கைக் காட்டியாக வேண்டும் என்று செபி விதி போட்டிருக்கிறது. 2025 அக்டோபரில் மத்திய அரசு சிமெண்ட் ஆலைகளுக்கு இலக்கும் வைத்தது. ஐரோப்பாக்காரன் 2023 அக்டோபர் முதலே சிமெண்டும் இரும்பும் இறக்கும்போது கரிக்கணக்கு கேட்கிறான். நல்ல காரியம்தான். ஆனால் குமாஸ்தா கண்ணுக்கு மூணு ஓட்டை தெரியுது.

ஒண்ணு. ஆலையின் சொந்தப் புகையும், வாங்குகிற மின்சாரத்தின் புகையும் கட்டாயம். வெளியில் வாங்கும் கல், லாரி, குத்தகைக்காரர் வேலை இதன் புகையெல்லாம் 'விரும்பினால் சொல்லலாம்' பகுதி. விரும்பினால் வட்டி கட்டலாம் என்று நம்ம கடனுக்கு எந்த வங்கியாவது சொல்லுமா?

ரெண்டு. அரசு வைத்த இலக்கு டன்னுக்கு இவ்வளவு என்பது. ஒரு டன்னுக்கு 600 கிலோ என்று 10 டன் செய்தால் 6000 கிலோ. 550ஆகக் குறைத்து 12 டன் செய்தால் 6600. அறிக்கையில் குறைந்திருக்கிறது, ஆகாயத்தில் கூடியிருக்கிறது.

மூணு. பங்குச் சந்தையில் இல்லாத செங்கல் சூளை, சுண்ணாம்புக் காளவாய், கல் உடைக்கும் கிரஷர் எதற்கும் செபியின் இந்த விதி இல்லை. நம்ம ஜனம் அதிகம் மூச்சு விடுகிற இடம் அதுதான். கம்பெனி அறிக்கையில் தொழிலாளரை ஆண், பெண், மாற்றுத்திறனாளி, நிரந்தரம், நிரந்தரமில்லாதவர் என்று பிரித்துக் காட்டுகிறார்கள். தூசியில் நிற்பவர் எந்தச் சாதி என்று காட்ட ஒரு கட்டம் இல்லை. புகைக்குக் கட்டம் போடத் தெரிந்தவனுக்கு இதற்குப் போடத் தெரியாதா?

சரி, நாம் என்ன செய்வது? அந்த அறிக்கைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, ஆனால் ரகசியம் இல்லை. படித்த பிள்ளைகள் எடுத்துத் தமிழில் ஒரு பக்கமாக எழுதி நம்ம தெரு நூலகத்தில் ஒட்டுங்கள். பக்கத்துச் சூளைக்கும் கிரஷருக்கும் என்ன நிபந்தனையில் அனுமதி தந்தார்கள் என்று 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பஞ்சாயத்தில் கேட்கலாமே என்பீர்கள். நம்ம பிரதேசத்தில் 1968க்குப் பிறகு 2006ல்தான் உள்ளாட்சித் தேர்தல். 2011ல் அவர்கள் காலம் முடிந்த பிறகு பல ஆண்டுகள் கொம்யூன் அதிகாரிகள் கையில் கிடந்தது. கேட்க வேண்டிய இடத்தையே பூட்டி வைத்தார்கள். ஆகவே அந்தத் தேர்தலைக் கேட்பதும் இந்தப் புகைக்கணக்கைக் கேட்பதும் ஒரே வேலைதான்.

ஐரோப்பாவில் வாங்குகிறவன் கேட்டான், கணக்கு வந்தது. இங்கே சுமக்கிறவள் கேட்கவேயில்லை. நம்ம பாட்டன் கைநாட்டு வைத்த காலத்தில் அடுத்தவன் எழுதியதுதான் கணக்கு. இப்போ பேனா நம்ம கையிலும் இருக்கு. 44 கிலோ எங்கே போச்சு என்று கேளுங்கள். பதில் வருகிற வரைக்கும் கல்லாவை மூட விடாதீர்கள்.

ஜெய் பீம்.