விலை பேசப்பட்ட மகளின் பாட்டு

ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரில் பிறந்து, ஈரானில் ஏதிலியாக வளர்ந்தவர் சோனிதா அலிசாதே. பத்து வயதிலேயே இவரை மணமுடித்துக் கொடுக்கும் பேச்சு எழுந்தது, நின்றுபோயிற்று. பதினாறாம் வயதில் மீண்டும் எழுந்தது. அண்ணன் தனக்கு வரும் மணப்பெண்ணுக்காகத் தரவேண்டிய தொகையை ஈட்டத் தங்கையை 9,000 டாலருக்குக் கொடுக்கத் தாய் முனைந்தார். தாயும் சிறுவயதில் மணமுடிக்கப்பட்டவரே. அவரைக் கொடியவர் என்று ஒதுக்கிவிட இயலாது.

புறநானூற்று மகட்பாற்காஞ்சியில் வேந்தன் பெண் கேட்பான், தந்தை மறுப்பான், புலவர் ஊர்க்கு இரங்குவார். மகள் மட்டும் வாய் திறப்பதில்லை. சோனிதா திறந்தார். 2014இல் 'மணப்பெண்கள் விற்பனைக்கு' என்னும் பொருள்படும் ராப் பாடலை வெளியிட்டார். காட்சியில் வெண்ணிற மணவாடை. முகத்தில் தீட்டிய காயங்கள். நெற்றியில் கடைச்சரக்கிற்கு இடும் கோட்டுக் குறியீடு. இயைபும் விரைவும் கூடிய இச்சொல்லிசை பொதுவாக உரத்து ஒலிப்பது. இவரோ தாழ்குரலில் தொடங்குகிறார். பெண் பொதுவில் தனித்துப் பாடத் தடையுள்ள ஈரானில் பிறந்த பாட்டுக்கு அத்தாழ்குரலே பொருளாகிவிடுகிறது.

இவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்த ரொக்சாரே காயெம்மகாமி, திருமணத்தை ஆறு திங்கள் தள்ளிவைக்கத் தாயிடம் 2,000 டாலர் கொடுத்தார். படைப்பாளி கதைக்குள் கைநீட்டலாமா என்னும் வினா எழாமல் இல்லை. கேமராவை மட்டும் நீட்டிக்கொண்டிருப்பது எவ்வகை அறமோ! அப்படம் 2016இல் சன்டான்ஸ் விழாவில் பரிசு பெற்றது. அதற்கு முன்பே, 2015இல், சோனிதா அமெரிக்காவிற்குப் படிக்கச் சென்றுவிட்டார்.

பின்னாளில் அத்தாயும் மகளின் பாட்டை விரும்பிக் கேட்பவரானார்.