எந்தப் பக்கம், பெரிய தாத்தா?

(பொங்கல் விழாவன்று நம் கிளப் ஹவுஸில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கோலப் போட்டிக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார் நம் செயலாளர். பந்திக்கு முன்னால் பேசுகிறவன் எப்படிப் பேச வேண்டும் என்று எனக்குத் தெரியும், கவலைப்படாதீர்கள்.

போன வருஷம் ஜூனிலிருந்து நவம்பர் வரை எங்கள் வீட்டில் ஒரு பெண் இருந்தாள். லிஃப்டில் ஏறுகிற எல்லோருக்கும் வணக்கம் சொல்வாளே, அவள்தான். என் தம்பியின் பேத்தி, பதினாறு வயது. ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட்டில் பிறந்து வளர்ந்தவள். அங்கே பத்தாவது, பதினோராவது படிக்கும் பிள்ளைகள் ஆறு மாதமோ ஒரு வருஷமோ வெளிநாட்டுப் பள்ளியில் போய்ப் படிக்கும் வழக்கம் உண்டு. கூடப் படித்தவர்கள் அமெரிக்கா, இங்கிலாந்து என்று கிளம்ப, இவள் ஒரகடம் என்றாளாம். மேப்பில் கண்டுபிடிக்கவே அவள் டீச்சருக்கு நேரமாகிவிட்டது.

தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. பாட்டியிடம் கற்றுக்கொண்ட தமிழ் என்பதால் நம் பிள்ளைகள் மறந்துவிட்ட சொல்லெல்லாம் அவள் வாயில் வரும். எழுத்தைப் புத்தகத்தில் கற்றதைவிடப் பஸ் போர்டில் கற்றதுதான் அதிகம். முதலில் தானாகப் படித்த ஊர் படப்பை. அன்று வீட்டுக்குள் ஓடி வந்த வேகத்தைப் பார்த்து நான் பயந்தே போனேன். வாலாஜாபாத்துக்கு ஒரு வாரம் ஆயிற்று. சுங்குவார்சத்திரம் வந்தபோது செப்டம்பர்.

ஒரு நாள் பள்ளிக்கூட வேலைக்காகக் கேட்டாள்: "பெரிய தாத்தா, உங்க தாத்தாவோட அப்பா எந்த ஊர்?"

"கும்பகோணம் பக்கம்."

"எந்தப் பக்கம்?"

எனக்குத் தெரியவில்லை. எழுபது வயதில், அந்தக் குழந்தை நோட்டைத் திறந்து பேனாவோடு உட்கார்ந்திருக்க, எனக்குத் தெரியவில்லை. சித்தப்பா மகனுக்குப் போன் போட்டேன். அவரும் 'பக்கம்' என்றுதான் சொன்னார். கடைசியில் பரண்மேல் கிடந்த டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய கிரயப் பத்திரம் கிடைத்தது. அந்தக் காலத்துப் பத்திரத்தில் ஆளின் பெயரோடு தகப்பன் பெயரும் குடியிருக்கும் கிராமமும் இருக்குமல்லவா? மங்கிய கையெழுத்து, என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. அவள்தான் எழுத்துக்கூட்டினாள். தி... ப்... பி... ரா... திப்பிராஜபுரம். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் உச்சரிக்காத பெயர், ஷ்டுட்கார்ட்டிலிருந்து வந்த பெண் வாயால் வந்தது.

அவள் ஊருக்குப் போன பிறகு, இப்படித் தேடுகிறவர்கள் வேறு யார் என்று படிக்க ஆரம்பித்தேன். அதில் ஒன்று நம் மண்ணோடு சம்பந்தப்பட்டது என்பதால் சொல்கிறேன்.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல், சென்னையில் ஏற்றிய 342 பேரோடு டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகள். 1911 வரை இப்படி நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்குக்குச் சென்னைதான் புறப்பட்ட இடம். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர். அந்த நம்பருக்கு எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு. ஆளை அடையாளம் பிடிக்க வெள்ளைக்காரன் எழுதிய கணக்கு அது. அதைத்தான் இன்று கொள்ளுப் பேரன்கள் கணினியில் தேடுகிறார்கள்.

தேடுவது லேசல்ல. 1946இல் இந்தியா தென்னாப்பிரிக்காவோடு வர்த்தகத்தை நிறுத்தியது. தூதரக உறவு மறுபடி ஏற்பட்டது 1993இல்தான். இடைப்பட்ட காலத்தில் பாட்டிகள் போய்விட்டார்கள், தமிழும் பெரும்பாலான வீடுகளில் போய்விட்டது. கவுண்டர் கோவெண்டர் ஆனார், முதலி மூட்லி ஆனார். கிராமத்தின் பெயரோ கேட்டவர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதப்பட்டது.

அந்தப் பட்டியல்களில் அடிக்கடி வரும் ஜில்லாக்களில் ஒன்று செங்கல்பட்டு. ஸ்ரீபெரும்புதூர் அன்று அந்த ஜில்லாவின் தாலுகா. 1997இல் அந்த மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. 2019இல் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. ஸ்ரீபெரும்புதூர் காஞ்சிபுரத்திலேயே நின்றுவிட்டது. டர்பனிலிருந்து ஒரு பிள்ளை 'செங்கல்பட்டு ஜில்லா' என்ற சீட்டோடு வந்து இறங்கினால், இன்றைய செங்கல்பட்டு முழுக்க அலைந்தாலும் நம் பக்கத்து ஊர் அதில் கிடைக்காது.

தமிழ்நாடு அரசு 2023இல் 'வேர்களைத் தேடி' என்று ஒரு திட்டம் தொடங்கியது. அயல்நாடுகளில் வாழும் தமிழ் வம்சாவளி இளைஞர்களை, 18 முதல் 30 வயது வரை, இரண்டு வாரம் அழைத்து வந்து மாமல்லபுரம், தஞ்சாவூர், கீழடி என்று காட்டுகிறார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் பெரிய கோயில் எல்லோருக்கும் பொது. தன் தாத்தாவின் குளக்கரையை எந்தச் சுற்றுலா பஸ்ஸும் காட்டாது. அதற்கு ஊர்ப் பெயர் வேண்டும், அங்கே போய் விசாரிக்க நாலு வார்த்தை தமிழ் வேண்டும். இரண்டு வாரத்தில் அது வராது. இந்தப் பெண்ணுக்கே ஆறு மாதம் பிடித்தது.

தில்லையாடி வள்ளியம்மை உங்களுக்குத் தெரியும். 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, காந்தியின் போராட்டத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரியில் பதினாறு வயதில் இறந்தவர். தில்லையாடியை அவர் கண்ணால் பார்த்ததில்லை. 1915இல் காந்திதான் அந்த ஊருக்கு வந்தார். பெற்றவர்கள் ஊர்ப் பெயரை மறக்காமல் வைத்திருந்ததால்தானே அந்தப் பெயர் அவரோடு சேர்ந்து நின்றது?

நம் கதைக்கு வருகிறேன். இங்கே திருநெல்வேலி, சேலம், நெல்லூர், பாட்னா என்று எல்லா ஊர்க்காரரும் இருக்கிறோம். எல்லோரும் இப்போது 'ஒரகடம்'. வல்லம் வடகால் என்றால் நமக்கு சிப்காட். அவை இரண்டு ஊர்கள் என்பது எத்தனை பேருக்கு நினைவு வரும்? நம் பிள்ளைகள் பதினேழு, பதினெட்டில் ஜெர்மனிக்கும் கனடாவுக்கும் கிளம்புகிறார்கள். போகட்டும், போக வேண்டியதுதான். அவர்கள் பிள்ளைகளில் ஒன்று என்றைக்காவது நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கும். ஆதார் கார்டில் இந்த ஃபிளாட் நம்பர்தான் இருக்கிறது.

சங்க அலுவலகத்தில் ஒரு நீள நோட்டு வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். அப்பா வழி, அம்மா வழி, இரண்டு பக்கமும் மூன்று தலைமுறைக்கு ஊர், பழைய தாலுகா, குலதெய்வம். 'பக்கம்' என்று எழுதக் கூடாது. தமிழிலோ தெலுங்கிலோ இந்தியிலோ, உங்கள் தாய்மொழி எழுத்தில் எழுதுங்கள். எழுதும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர்களையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது. எழுத்துப்பிழையை நான் திருத்தித் தருகிறேன்.

முதல் பக்கம் என்னுடையது. திப்பிராஜபுரம் எழுதிவிட்டேன். என் அம்மாவின் அம்மா பிறந்த ஊர் இன்னும் காலியாக இருக்கிறது. மன்னார்குடி போய்த் தொண்ணூறு வயது அத்தை ஒருவரைப் பார்க்க வேண்டும். மாட்டுப் பொங்கல் முடிந்ததும் கிளம்புகிறேன். அத்தைக்குக் காது கேட்காது, கேள்வியை எழுதிக் காட்ட வேண்டும். பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

இலை போட்டாயிற்று என்று கை காட்டுகிறார்கள்.