தாய்க்குத் துணை யார்?

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திருச்சிராப்பள்ளி மலைக்கோயிலில் எழுந்தருளியிருக்கும் இறைவனுக்குத் தாயுமானவர் என்பது திருநாமம். பேறுகாலம் நெருங்கிய செட்டிப்பெண் ஒருத்திக்குத் துணையாக வரவேண்டிய தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையிலே தடைப்பட்டாள். இறைவனே அத்தாயின் உருக்கொண்டு வந்து பேறு பார்த்தார் என்பது தலவரலாறு. பிள்ளை பிறந்ததும் அவர் போய்விடவில்லை. வெள்ளம் வடிந்து பெற்றதாய் வந்துசேரும் வரை உடனிருந்தார். பிள்ளை பெற்றவளுக்குப் பின்னரும் துணை வேண்டும் என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல முடியுமா?

நம் வீடுகளில் துடக்குக் கழியும் 31 ஆம் நாள் வரை தாயின் உடம்பைப் பேணுகிறோம். சரக்கரைத்துக் கறி காய்ச்சிக் கொடுக்கிறோம், வேதுநீர் வார்க்கிறோம். நல்ல வழக்கமே. ஆனால், அவள் மனம் எப்படியிருக்கிறது என்று கேட்பவர் எத்தனை பேர்?

பேற்றின் மூன்றாம் நான்காம் நாளிற் காரணமின்றிக் கண்ணீர் வருதல் பல தாய்மாருக்கு உண்டு. அது இரண்டு வாரத்துள் தானே தணியும். தணியாது நீடித்தால் அது மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கலாம். பிள்ளை பெற்ற பெண்களில் உலகளவில் நூற்றுக்குச் சுமார் 13 பேரும், வளர்முக நாடுகளில் ஏறக்குறைய 20 பேரும் மனநோய்க்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகிறார்கள் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

குறிகள் எவை? பிள்ளை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வராது. உணவில் விருப்பம் இராது. எதிலும் மகிழ்ச்சி தோன்றாது. பிள்ளையைத் தூக்கும்போது பாசம் ஊறவில்லையே என்று தன்னையே பழிப்பாள். "நான் நல்ல தாயல்ல" என்ற எண்ணம் ஓயாது வருத்தும்.

இங்கேதான் உறவுகள் முறிகின்றன. வேலையால் வந்த கணவன், அவள் முகங்கொடுத்துப் பேசாததைக் கண்டு தன்னை வெறுக்கிறாள் என எண்ணுகிறான். மாமியார், "நாங்கள் பெறாத பிள்ளையோ?" என்கிறார். அயலார் கண்ணூறு என்பர், பேய்க்குறை என்பர். சோம்பலென்றும் திமிரென்றும் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அவளை மேலும் ஊமையாக்குகிறது. அவள் ஒதுங்க, அவன் கோபிக்க, ஒரே கூரையின்கீழ் இருவர் அந்நியராகின்றனர். நோயை நோயென்று அறியாமையே இதற்கு மூலம். தந்தையரும் இச்சோர்வுக்கு ஆளாவதுண்டு என்பதையும் மறத்தலாகாது.

இளைஞர்களே, நாளை நீங்கள் கணவராவீர்கள். இரவில் ஒருமுறையேனும் பிள்ளையை நீங்கள் ஏந்தி, அவளை உறங்க விடுங்கள். புத்தி சொல்லாது, அவள் சொல்வதைக் கேளுங்கள். தாய்மாரே, மருமகளைப் பிறர் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள்.

வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் மறையாது கூறுங்கள். எடின்பரோ அளவுகோல் என்ற பத்துக் கேள்விகள் 1987 இல் வெளியாயின. கடந்த ஏழு நாட்களில் தாயின் மனநிலையை அவற்றால் அறியலாம். பரிசோதித்து முடிவுசெய்பவர் வைத்தியர். ஆறுதலான உளவள ஆலோசனையாலும், வேண்டின் மருந்தாலும் இது குணமாகும். தாய்ப்பால் கொடுக்கும்போதே உட்கொள்ளத்தக்க மருந்துகளும் உண்டு.

தன்னையோ பிள்ளையையோ மாய்க்கும் எண்ணம் தோன்றினாலும், இல்லாத குரல் கேட்கிறதென்றாலும், புத்தி தடுமாறிப் பேசினாலும், ஒருநாளும் தாமதியாதீர்கள். அவளைத் தனியே விடாது உடனே ஆசுபத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள்.

கோயிலுக்கு நேர்த்தி வையுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால், தாயுமானவரை வணங்கும் நாம், அவர் செய்த பணியை நம் வீட்டிற் செய்யாவிடின் அவ்வணக்கம் நிறைவுறுமா? சிந்தியுங்கள்.